அம்மாவின் மூளை நாடியில் 7 மி.மீ. அனியூரிசம்: கொயில் போதாதா, ஸ்டென்டும் ஏன்?

வெள்ளவத்தை_நிலா கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது, 60 கிலோ. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. எடுக்கிறார், சீனி இல்லை. தலைச்சுற்றுக்காக எடுத்த எம்ஆர்ஐயில் தற்செயலாக ஒரு அனியூரிசம் தெரிந்தது. அதன் பிறகு சீடி ஆஞ்சியோ, போன வாரம் கொழும்பில் டிஎஸ்ஏ (நாடிக்குள் மெல்லிய குழாய் விட்டு, மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே படம்). றிப்போட்டில் உள்ளபடி: இடப்பக்க உட்கழுத்து நாடியில், போஸ்டீரியர் கொமியூனிகேட்டிங் நாடி பிரியும் இடத்தில், 7 மி.மீ. அனியூரிசம், கழுத்து 4.2 மி.மீ. வெடிக்கவில்லை.

முதலில் "கொயில் வைத்து அடைக்கலாம்" என்றார்கள். டிஎஸ்ஏக்குப் பிறகு "ஸ்டென்டும் கொயிலும்" என்று மாறிவிட்டது. சிகிச்சைக்கு 7 நாளைக்கு முன்பிருந்தே அஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75 (குருதி உறைவதைக் குறைக்கும் மாத்திரைகள்) தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்கில் கூட்டம், விளக்கமாகக் கேட்க முடியவில்லை. என் கேள்விகள்:

ஸ்டென்ட் ஏன் கூடுதலாக? உள்ளே என்னதான் செய்கிறார்கள், எங்கே பிழைக்கும்? அம்மா காஸ்ட்ரிக்குக்கு ஒமிப்ரசோல் 20 எடுக்கிறார், வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பார், ஒரு கடைவாய்ப் பல்லும் பிடுங்க இருக்கிறது. இதெல்லாம் இடிக்குமா?

கதீட்டர்_மேசை:

எல்லாம் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. அனியூரிசம் என்பது நாடிச் சுவரிலிருந்து புடைத்து நிற்கும் சிறு பை. அதன் வாயைத்தான் கழுத்து என்கிறோம். கொயில் கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாட்டினச் சுருள். பைக்குள் போனதும் நூலுருண்டை மாதிரிச் சுருண்டுகொள்ளும். வாய் ஒடுக்கமென்றால் உருண்டை உள்ளேயே கிடக்கும். வாய் அகலமென்றால் ஒரு சுற்று வழுகி நாடிக்குள் தொங்கும், அதன்மேல் குருதி உறையும், உறைந்த கட்டி மேலே போய் ஏதாவதொரு கிளையை அடைக்கும். அதுதான் பாரிசவாதம். கழுத்து 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றாலோ, பையின் அகலத்தைக் கழுத்தால் வகுக்க 2க்குக் கீழே வந்தாலோ அகன்ற கழுத்து என்று எடுப்போம். உங்கள் அம்மாவுக்குக் கழுத்து 4.2, 7ஐ 4.2ஆல் வகுத்தால் 1.67. இரண்டு கணக்கிலும் அகலம்தான். அதனால்தான் ஸ்டென்ட்: நாடிக்குள் அந்த வாயின் குறுக்கே விரிந்து, கொயில் வழுகாமல் தடுக்கும் சிறு வலைக்குழாய்.

திட்டம் மாறியதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. சீடி ஆஞ்சியோவில் கழுத்தும் பக்கத்துக் கிளையும் ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். டிஎஸ்ஏயில் எக்ஸ்ரே குழாயைச் சுற்றவிட்டு எடுக்கும் முப்பரிமாணப் படத்தில்தான் உண்மையான வாய் அகலம் வெளிப்படும்.

சிகிச்சை தேவையா என்ற கேள்வியையும் கேட்டுவிடுங்கள், அதில் தப்பில்லை. ஃபேசஸ் என்ற புள்ளிக் கணக்கு 2014இல் வந்தது. அதன்படி 7 மி.மீ.க்கு 3, இந்த இடத்துக்கு 4, பிரஷருக்கு 1, மொத்தம் 8. ஐந்து வருடத்தில் வெடிக்கும் சாத்தியம் சுமார் 3 வீதம். ஆனால் அந்தக் கணக்குக்கு அடிப்படையான நோயாளிகள் ஐரோப்பா, வட அமெரிக்கா, பின்லாந்து, ஜப்பான் ஆட்கள்; நம் ஊர்க்காரர் அதில் இல்லை. ஆகவே அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். மறுபக்கம், வெடிக்காத அனியூரிசத்தைக் குழாய் வழியாக அடைக்கும்போது 30 நாளுக்குள் சிக்கல் வருவது 5 வீதமளவில், தலையைத் திறந்து பையின் வாயில் கிளிப் போடும்போது 8 வீதமளவில் என்று 2019இல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. 58 வயதில் முன்னால் இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. பை ஒழுங்கற்ற வடிவம், மேலே குட்டிப் பை முளைத்திருக்கிறது என்றால் தராசு சிகிச்சைப் பக்கம் சாயும். றிப்போட்டில் வடிவம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இனி மேசையில் நடப்பது. முழு மயக்கம். வலது தொடையிடுக்கில் (சில இடங்களில் மணிக்கட்டில்) ஒரு உறை (நாடிக்குள் நுழைய வைக்கும் குட்டைக் குழாய்), அதன் வழியாகக் கழுத்து நாடி வரை பெரிய கதீட்டர், அதாவது நீண்ட மெல்லிய குழாய். குருதி உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கிலோவுக்கு 70 முதல் 100 அலகு, உங்கள் அம்மாவுக்கு 5000க்கு அருகே வரும். உறையும் நேரம் 250 முதல் 300 செக்கனுக்குள் நிற்கிறதா என்று மணிக்கொரு தடவை பார்ப்பார்கள். ஒவ்வொரு கதீட்டரின் பின்னாலும் ஹெப்பாரின் கலந்த சேலைன் அழுத்தப் பையில் துளித்துளியாக ஓடிக்கொண்டே இருக்கும். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் ஒரு பை காலியாகி எவரும் கவனிக்காவிட்டால், பின்னால் காற்றுக் குமிழி, முன்னால் கட்டி. அந்தச் சொட்டு அறையைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் நிற்க வேண்டும்.

பிறகு அதற்குள்ளால் இரண்டு மைக்ரோகதீட்டர் (இன்னும் மெல்லியவை). ஒன்றின் நுனியை நீராவியில் காட்டி, பையின் வாய்க்குப் பொருந்தும் கோணத்துக்கு வளைத்து, பைக்குள் நிறுத்துவது. மற்றது கழுத்தைத் தாண்டிப் போய் ஸ்டென்டைக் கொண்டு நிற்கும். ஸ்டென்ட் விரிந்ததும் முதல் கதீட்டர் நாடிச் சுவருக்கும் வலைக்கும் இடையில் சிறைப்படும். அதன் வழியாகக் கொயில் போகும். ஸ்டென்ட் கழுத்தின் இரு பக்கமும் குறைந்தது 4, 5 மி.மீ. நாடிக்குள் பிடித்திருக்க வேண்டும். குறைந்தால் ஒரு முனை பைக்குள் விழுந்துவிடும். விழுந்த ஸ்டென்டை மீட்பது பெரும் பாடு.

முதல் கொயில் சட்டகம் போடுவது. 7 மி.மீ. பைக்கு 7 மி.மீ. சுருள், 20 செ.மீ. நீளமளவில். அது கூடுபோலச் சுவரோடு ஒட்டி நின்றால் மீதி வேலை இலகு. அதற்குள் 5, 4, 3, கடைசியில் 2 மி.மீ. என்று மென்மையானவை. பையின் கொள்ளளவில் நாலில் ஒரு பங்காவது பிளாட்டினம் நிறைய வேண்டும் என்பது வழமையான இலக்கு. கணக்குப் போட்டால், 7 மி.மீ. உருண்டைக்குக் கொள்ளளவு 180 கன மி.மீ.; 0.010 அங்குலக் கொயில் ஒரு சென்ரிமீற்றர் அரைக் கன மி.மீ. இடத்தைப் பிடிக்கும்; ஆகவே கிட்டத்தட்ட 90 செ.மீ. கம்பி போக வேண்டும். ஒரு கடலையளவு பைக்குள் ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய! குறைவாக அடைத்தால் குருதியின் அடி கொயிலை அமுக்கி, வாயில் மறுபடி இடம் உண்டாகும். கொயில் மட்டும் வைத்தவற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஓரளவு திரும்பத் திறக்கிறது, பத்தில் ஒன்றுக்கு மறு சிகிச்சை வேண்டியிருக்கிறது. ஸ்டென்டின் இரண்டாவது லாபம் இங்கேதான்: கழுத்தின் குறுக்கே புதிய உட்சுவர் வளர அது சாரமாகிறது.

எங்கே பிழைக்கும் என்றால் இரண்டே இரண்டு பெரிய விடயம். ஒன்று, பை வெடிப்பது. கொயில் தள்ளும்போது கதீட்டர் பின்னுக்கு உதைத்து, பிறகு திடீரென முன்னால் பாயும். அதுதான் ஆபத்தான கணம். வெடித்துவிட்டால் கதீட்டரைப் பின்னிழுக்கவே கூடாது, ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். ஹெப்பாரினை புரோட்டமினால் முறிப்பார்கள் (100 அலகுக்கு 1 மி.கி.), கொயிலைத் தொடர்ந்து அடைப்பார்கள். ஆனால் குளோபிடோக்ரலை முறிக்க அப்படியொரு மருந்து இல்லை. இரண்டு, கட்டி. ஸ்டென்ட் மேல் சிறுதட்டுகள் (குருதி உறையக் காரணமான நுண்துணிக்கைகள்) ஒட்டத் தொடங்கினால் படத்தில் வலையின் ஓரம் பஞ்சு மாதிரி மங்கும். அப்போது சிறுதட்டைத் தடுக்கும் டிரோஃபிபான் போன்ற ஊசிமருந்தை ஏற்றுவார்கள். கொயில் மட்டுமென்றால் முதல் ஆபத்து கொஞ்சம் கையாளக்கூடியது; ஸ்டென்ட் வந்ததும் இரண்டுக்கும் நடுவில் கயிற்றில் நடப்பதுதான்.

அதனால் வைத்தியரிடம் இதை மட்டும் கேளுங்கள்: "பலூன் உதவியோடு கொயில் வைக்க முடியாதா?" பலூனை வாயில் ஊதிப் பிடித்துக்கொண்டு கொயில் அடைத்து, முடிந்ததும் எடுத்துவிடுவது. நிரந்தரமாக நாடிக்குள் ஒன்றும் நிற்காது, மாத்திரைச் சுமை குறையும். 4.2 கழுத்தில் சிலர் அதை முதலில் முயல்வார்கள், பலூனை இறக்கியதும் கொயில் அசைந்தால்தான் ஸ்டென்டுக்குப் போவார்கள். எதை முதலில் என்பது அந்தப் பையின் வடிவத்தைப் பார்த்தவர் சொல்ல வேண்டியது.

மருந்துச்சீட்டு:

மேலே இருப்பவர் மேசையைச் சொல்லிவிட்டார். மூளை ஸ்டென்டில் வீட்டில் நடக்கும் பிழைகள் அநேகம் மாத்திரையில்தான்.

ஒமிப்ரசோலைப் பற்றி உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். குளோபிடோக்ரல் அப்படியே வேலை செய்யாது; ஈரலில் சிவைபீ2சீ19 என்ற நொதி அதை மாற்றிய பிறகே சிறுதட்டைத் தடுக்கும். ஒமிப்ரசோலும் எசொமிப்ரசோலும் அதே நொதியைப் பிடித்துவைக்கும். 2009இலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்தச் சேர்க்கையைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. இங்கே ஒமிப்ரசோல் பனடோல் மாதிரி ஆகிவிட்டதால் பலர் அதை மருந்தென்றே கணக்கில் எடுப்பதில்லை, "வேறு என்ன எடுக்கிறீர்கள்" என்று கேட்டால் சொல்வதுமில்லை. பன்டொப்ரசோல் 40க்கு மாற்றுவதே வழமை. நிறுத்திவிடுவது பதில் அல்ல, இரண்டு மருந்து சேர்ந்தால் வயிற்றில் குருதிக்கசிவு வரலாம், காப்பு வேண்டும்.

அந்த நொதி பிறவியிலேயே மந்தமாக உள்ளவர்களும் தெற்காசியரிடையே கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு 75 மி.கி. தினமும் விழுங்கியும் பலன் குறைவு. அதனால்தான் சில இடங்களில் ஸ்டென்டுக்கு முதல் நாள் சிறுதட்டு எதிர்வினைப் பரிசோதனை செய்கிறார்கள். வெரிஃபைநவ் கருவியில் 208க்கு மேல் வந்தால் மருந்து போதவில்லை, 60க்குக் கீழ் என்றால் அளவுக்கு மீறித் தடுக்கிறது என்பது பொதுவாக வைத்திருக்கும் எல்லை. போதாவிட்டால் டிக்காக்ரலோர் 90 மி.கி. ஒரு நாளுக்கு இரு தடவை என்று மாற்றுவார்கள். அதில் சிலருக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும், பயந்து தாங்களே நிறுத்திவிடக் கூடாது. பிரசுக்ரல் இன்னொன்று, ஆனால் முன்பு பாரிசவாதம் வந்தவருக்குக் கொடுக்கக் கூடாது.

ஏழு நாள் என்பதற்கும் காரணம் உண்டு: 75 மி.கி. நாளாந்தம் எடுத்து முழுப் பலன் வர 5 முதல் 7 நாள் பிடிக்கும். நடுவில் இரண்டு நாள் தவறினால் மறைக்காமல் வாட்டில் சொல்லுங்கள். சிகிச்சைக்கு முதல் நாள் 300 அல்லது 600 மி.கி. மொத்தமாகக் கொடுத்துச் சரிப்படுத்தலாம். சொல்லாமல் மேசைக்குப் போவதுதான் பயங்கரம்.

விரதம்: குளோபிடோக்ரலைச் சாப்பாட்டோடும் இல்லாமலும் எடுக்கலாம். அஸ்பிரின் வெறும் வயிற்றில் எரியும். பால், பழம், இரண்டு இடியப்பம், எதையாவது சாப்பிட்டு விழுங்கட்டும். மாத்திரை தொடங்கியதிலிருந்து முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட இல்லாத விரதம் வேண்டவே வேண்டாம். உடம்பில் நீர் வற்றினால் குருதி தடித்து ஸ்டென்ட் அடைக்கலாம். பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

பல்: மாத்திரை தொடங்க முன்னர் பிடுங்கி ஆறவிடுங்கள். முடியாவிட்டால் குளோபிடோக்ரல் நிறுத்தும் வரை தள்ளிப்போடுங்கள். இடையில் வலி தாங்காமல் பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், மாத்திரையை நிறுத்தாமல், பல் குழியில் தையல் போட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துச் செய்ய வேண்டும். "மூன்று நாள் நிறுத்திவிட்டு வாங்க" என்று யார் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த பிரிவைக் கேட்காமல் தலையாட்ட வேண்டாம்.

தலைவலி வந்தால் பனடோல் மட்டும். டிஸ்பிரின் போட்டால் அஸ்பிரின் மேல் அஸ்பிரின். டைக்ளோஃபினாக், இபுப்ரொஃபென் இரண்டும் வேண்டாம். இபுப்ரொஃபென் அஸ்பிரினின் பலனையும் கெடுக்கும். உள்ளி மாத்திரை, மீனெண்ணெய் மாத்திரை, ஜிங்கோ இவற்றையும் நிறுத்துங்கள். கறியில் போடும் உள்ளி பரவாயில்லை, ரசத்தைக் குறை சொல்ல வரவில்லை.

ஒரு வேளை தவறி, 12 மணித்தியாலத்துக்குள் நினைவு வந்தால் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் அடுத்த வேளையை வழமைபோல் எடுங்கள், இரட்டிப்பாக்க வேண்டாம்.

எப்போதும் 10 நாளுக்காவது கையிருப்பு இருக்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டோடு கொழும்பே வெறிச்சோடி பாமசிகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில்தான் அட்டை தீரும். ஸ்டென்ட் வைத்த முதல் மாதத்தில் மூன்று நாள் இடைவெளி சின்ன விடயமல்ல.

பம்பலப்பிட்டி_77:

ஸ்டென்ட் வைத்தால் பிறகு எம்ஆர்ஐ எடுக்கவே ஏலாதாம், காந்தம் இழுத்துவிடுமாம். விமான நிலையத்திலும் கத்துமாம். யோசித்துச் செய்யுங்க.

கதீட்டர்_மேசை:

தம்பி, இதைப் பரப்ப வேண்டாம். கொயில் பிளாட்டினம், ஸ்டென்ட் நிட்டினோல் (நிக்கல், டைட்டானியம் கலவை) அல்லது கோபால்ட் குரோமியம். எதுவும் காந்தத்தில் இழுபடும் இரும்பு அல்ல. 1.5 மற்றும் 3 டெஸ்லா எம்ஆர்ஐயில் நிபந்தனையோடு எடுக்கலாம், பின்தொடர் பரிசோதனையே பெரும்பாலும் எம்ஆர்ஐயில்தான். விமான நிலையக் கதவும் கத்தாது. அந்தப் பயம் பழைய காலத்து இரும்புக் கலந்த கிளிப்பிலிருந்து வந்தது.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஸ்டென்டின் உலோகம் சமிக்ஞையை மறைப்பதால் சாதாரண எம்ஆர் ஆஞ்சியோவில் அந்த இடத்தில் நாடி ஒடுங்கியதுபோல் தெரியும். "ஸ்டென்ட் அடைத்துவிட்டது" என்று ஒரு றிப்போட் வந்து வீடே அழும். மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோ அல்லது டிஎஸ்ஏ பார்த்த பிறகே நம்ப வேண்டும். ஸ்கான் எழுதும்போதே "ஸ்டென்ட் உண்டு, மருந்தோடு" என்று போடச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை_நிலா:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. ஒமிப்ரசோல் சமாச்சாரம் உண்மையில் தெரியாது, நாளைக்கே கேட்கிறேன். இன்னொன்று: கனடாவில் இருக்கும் மாமா, "கொயில் எல்லாம் பழசு, இப்போது ஃப்ளோ டைவேர்ட்டர்தான், அதைக் கேள்" என்று ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கிளிப்பைவிடக் கொயில் நல்லது என்று பெரிய ஆய்வும் இருக்கிறதாம். அம்மாவுக்கு அது பொருந்துமா?

நரம்பியல்_படம்பார்ப்பவர்:

மாமா பாதி சரி. ஃப்ளோ டைவேர்ட்டர் நெருக்கமாகப் பின்னிய குழாய். உலோகம் 30 வீதமளவு பரப்பை மூடும், சாதாரண ஸ்டென்டில் அது பத்து வீதத்தை ஒட்டித்தான். பைக்குள் ஒன்றும் வைக்காமல், வாயில் ஓட்டத்தைத் திருப்பி, பை தானாக உறைந்து சுருங்க விடுவது. பைப்லைன் என்ற கருவிக்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. உட்கழுத்து நாடியில் பெரிய, அகன்ற கழுத்துப் பைகளுக்கு அருமையான கருவி.

ஆனால் உங்கள் அம்மாவின் இடம் போஸ்டீரியர் கொமியூனிகேட்டிங். இங்கே ஒரு குறிப்பான பொறி இருக்கிறது. சிலருக்குக் கருவில் இருந்த அமைப்பு மாறாமல், அந்தப் பக்கத்து மூளையின் பின்பகுதிக்கான குருதி பெரும்பாலும் இந்தக் கிளை வழியாகவே போகும். பையும் அந்தக் கிளையின் வாயிலேயே இருந்தால், ஃப்ளோ டைவேர்ட்டர் போட்டாலும் அந்தக் கிளை குருதியை இழுத்துக்கொண்டே இருக்கும். பை மூடாது. இப்படியான அமைப்பில் அந்தக் கருவி தோற்பது நன்கு தெரிந்த விடயம். றிப்போட்டில் "ஃபீட்டல்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் ஸ்டென்டும் கொயிலும், அல்லது கிளிப். மாமாவுக்கு அந்த ஒரு சொல்லை அனுப்பினால் போதும்.

இன்னொரு வித்தியாசம், கொயில் வைத்தால் பை அன்றைக்கே நிரம்பும். ஃப்ளோ டைவேர்ட்டரில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று காத்திருக்க வேண்டும், அத்தனை நாளும் இரட்டை மாத்திரை.

மாமா சொல்லும் ஆய்வு ஐசாட்டாக இருக்கும், 2002இல் வந்தது, 2143 நோயாளிகள். ஒரு வருட முடிவில் இறந்தவர் அல்லது பிறர் உதவியின்றி இயங்க முடியாதவர் கொயிலில் சுமார் 24 வீதம், கிளிப்பில் சுமார் 31 வீதம். ஆனால் அத்தனையும் வெடித்த அனியூரிசம். வெடிக்காததற்கு அதை எடுத்துப் பேசுவது, வெள்ளத்தில் படகு நல்லது என்பதால் காலி வீதிக்கும் படகு கொண்டு போவது மாதிரி. "பழசு" என்பதற்கும் ஒரு வார்த்தை: இத்தாலிய வைத்தியர் குக்லியெல்மி மின்சாரத்தால் கழற்றும் கொயிலை முதல் நோயாளிக்கு வைத்தது 1990இல். இன்றைய கொயில் அந்தக் கொள்கையிலேயே மென்மையாகி, சிக்கலான சுருளாகி வந்தது.

கிளிப்பைப் பற்றி ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடமும் கேட்கச் சொல்வேன். இரட்டை மாத்திரை இல்லை, திரும்பத் திறப்பதும் குறைவு. பதிலுக்குத் தலையைத் திறக்க வேண்டும், இந்த இடத்தில் கண்ணசைவு நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. இரண்டு பிரிவும் சேர்ந்து பேசி முடிவெடுக்கும் இடமாக இருந்தால் நல்லது.

வாட்_நேரம்:

அனுமதியாகும் நாளைப் பற்றி. பெரிய தத்துவம் இல்லை, நடைமுறை மட்டும்.

பழைய படங்களின் இறுவட்டு, றிப்போட், கிளினிக் கொப்பி, மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில். மாத்திரையின் பெயரைச் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது நல்லது. குருதிப் பரிசோதனையில் கிரியேட்டினின் கட்டாயம், படம் பிடிக்கும் அயடின் மருந்து சிறுநீரகம் வழியாகவே போகும். இறால், நண்டு ஒத்துவராது என்பது இதற்குத் தடையல்ல. ஆனால் ஆஸ்துமா, முன்பு சீடி ஸ்கானுக்கு ஏற்றிய மருந்தில் தடிப்பு வந்தது, நிக்கல் நகை பட்டால் புண்ணாவது, இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்டென்டில் நிக்கல் உண்டு.

முதல் நாளிரவு சாப்பாடு நேரத்தோடு. திட உணவு 6 மணித்தியாலத்துக்கு முன், தெளிந்த தண்ணீர் 2 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்துவது வழக்கம். ஆனால் அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அன்று காலை ஒரு மிடறு தண்ணீரோடு போயே ஆக வேண்டும். "உண்ணா நிலை" என்று எழுதிவிட்டதால் மாத்திரையையும் நிறுத்திவிடுவது எங்கும் நடக்கும் பிழை. கேட்டு உறுதிசெய்யுங்கள். பிரஷர் மாத்திரை எடுக்கலாமா என்பதை மயக்க மருந்து வைத்தியர் சொல்வார்.

முடிந்து வந்ததும் தொடையிடுக்கு வழியென்றால் அந்தக் கால் 4 முதல் 6 மணித்தியாலம் நேராக. மடக்கக் கூடாது, தலையைத் தூக்கி எட்டிப் பார்ப்பதும் கூடாது (வயிறு இறுகினால் துளை திறக்கும்). இருமல், தும்மல் வந்தால் கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அழுத்தும் இடம் தோல் துளைக்கு ஒரு விரலளவு மேலே. நாடியின் துளை அங்கேதான் இருக்கிறது, தோலில் தெரியும் பொட்டின் நேர் கீழே அல்ல. கட்டுக்கு வெளியே குருதி தெரியாமலே உள்ளே கட்டலாம். இடுப்பிலோ முதுகிலோ விளங்காத வலி, முகம் வெளிறுவது, வியர்ப்பது என்றால் தாதியைக் கூப்பிடுங்கள், காலைவரை பொறுத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சில நாள் மந்தமான தலைவலி இருக்கலாம். இரண்டு, மூன்று கிழமையில் தலையில் ஒரு வட்டமாக முடி கொட்டினால் பதறாதீர்கள். நீண்ட நேரம் எக்ஸ்ரே பட்டதால், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். கிளினிக்கில் சொல்லுங்கள்.

பொறுக்கக் கூடாதவை: திடீரென இடிவிழுந்ததுபோல் தலைவலி, ஒரு பக்கக் கண்ணிமை தொங்கி, கண்மணி பெரிதாவது (இந்த இடத்து அனியூரிசத்தில் இது நரம்பை அமுக்குவதன் அடையாளம், சிகிச்சைக்கு முன்னரும் வரலாம், வெடிக்கப் போவதன் முன்னறிகுறி), வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல். உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முச்சக்கர வண்டி பிடித்துக் காலி வீதி நெரிசலில் நிற்க வேண்டாம்.

டயக்னோசிஸ் கார்ட் வாங்கும்போது கொயில், ஸ்டென்ட் பொதியில் உள்ள ஒட்டுத்தாள்களின் ஒரு பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பெட் ஹெட் டிக்கெட்டில் (வாட்டில் வைத்திருக்கும் நோயாளிப் பதிவில்) ஒட்டியிருப்பார்கள், அது வைத்தியசாலையிலேயே தங்கிவிடும். ஐந்து வருடத்துக்குப் பிறகு எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் "எந்த ஸ்டென்ட்" என்று கேட்டால், அந்தத் துண்டுக் கடதாசிதான் பதில். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

கணக்குக்_கொப்பி:

பணம் பற்றி யாரும் சொல்லவில்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், ஆனால் திகதி தருவதற்கு முன் அந்த அளவுக் கொயிலும் ஸ்டென்டும் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். முதல் கொயில் 7 மி.மீ. இருந்து, முடிக்கும் 2 மி.மீ. இல்லாவிட்டால் வேலை அரைகுறை. தனியாரில் மதிப்பீடு வாங்கினால் ஒரே கேள்வி: கொயில் மொத்தத் தொகைக்குள்ளா, எண்ணிக்கைக்கா? மேலே சொன்ன 90 செ.மீ. ஆறு கொயிலிலும் முடியலாம், ஒன்பதிலும் முடியலாம். திறந்து, பொருந்தாமல் வெளியே எடுத்த கொயிலுக்கும் கணக்கு எழுதுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகம் ஊடாக விண்ணப்பிக்கலாம், வைத்தியரின் கடிதமும் மதிப்பீடும் வேண்டும், சிகிச்சைக்கு முன்னரே போங்கள்.

வெள்ளவத்தை_நிலா:

றிப்போட்டைத் திரும்பப் பார்த்தேன். "ஃபீட்டல்" என்றே இருக்கிறது! மாமாவுக்கு அனுப்பிவிட்டேன், இன்னும் நீல டிக் மட்டும்தான். கடைசிக் கேள்வி: குளோபிடோக்ரல் எத்தனை மாதம்? ஒருவர் மூன்று என்கிறார், ஒருவர் ஆறு.

கதீட்டர்_மேசை:

இரண்டும் நடைமுறையில் உண்டு. வலைக்கு மேல் உட்சுவர் வளர்ந்து மூட வேண்டும், அதுவரை இரண்டு மாத்திரை. மூன்றிலிருந்து ஆறு மாதம், பிறகு அஸ்பிரின் மட்டும், குறைந்தது ஒரு வருடம், பலருக்கு ஆயுள் முழுக்க. நிறுத்துவது ஆறாம் மாதப் படத்தைப் பார்த்த பிறகு என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. நாட்காட்டியைப் பார்த்துத் தானாக நிறுத்த வேண்டாம்.

ஃபீட்டல் என்றால் இன்னொன்று கேளுங்கள்: கொயில் அடைக்கும்போது அந்தக் கிளையின் வாயை எப்படிக் காப்பாற்றுவார்கள்? அங்கே கழுத்தோரம் கொஞ்சம் திறந்தே விட்டு முடிப்பதும் உண்டு. படத்தில் "முழுதாக மூடவில்லை" என்று வந்தால் அது தவறியதா, வேண்டுமென்றே விட்டதா என்று தெரிந்திருக்கும்.

மருந்துச்சீட்டு:

ஒன்று விட்டுப்போயிற்று, கொழும்பில் இருப்பதால் சொல்ல வேண்டும்: டெங்கு. மழை தொடங்கியதும் காய்ச்சல் வந்தால், இரட்டை மாத்திரையில் இருப்பவருக்கு "இரண்டு நாள் பார்ப்போம்" கிடையாது. முதல் நாளே குருதி எண்ணிக்கையும் டெங்கு அன்டிஜன் பரிசோதனையும். பார்க்கும் வைத்தியரிடம் முதல் வாக்கியமே "மூளையில் ஸ்டென்ட் இருக்கிறது, அஸ்பிரினும் குளோபிடோக்ரலும் எடுக்கிறார்" என்பதாக இருக்கட்டும். டெங்கென்று தெரிந்தால் வழமையாக அஸ்பிரினை உடனே நிறுத்துவார்கள். ஸ்டென்ட் புதிதென்றால் அந்த நிறுத்தமே அடைப்பைக் கொண்டுவரலாம், நிறுத்தாவிட்டால் குருதிக்கசிவு. சிறுதட்டு எந்த அளவுக்கு இறங்கும்போது எதை நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை ஸ்டென்ட் வைத்த பிரிவும் காய்ச்சலைப் பார்ப்பவரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பிரிவின் தொலைபேசி இலக்கத்தை டயக்னோசிஸ் கார்டின் பின்பக்கத்தில் இப்போதே எழுதி வாங்குங்கள். வீட்டில் பூச்சாடித் தட்டுகளையும் கவிழ்த்துவிடுங்கள்.